மரியக்கா பக்கத்தில் இருந்தபோது சொன்னது

மகனே,

நாங்கள் எல்லோரும் நலம், நீ நலமா என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இதுவரை அப்படித்தான் தொடங்கினேன். இந்த முறை மனம் வரவில்லை. நலமா என்று யார் கேட்டாலும் நலம் என்றுதானே சொல்லிப் பழகியிருக்கிறோம். உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவர்களிடம் "ஆச்சு" என்று சொன்ன வீடுதான் நம் வீடு. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதையே ஒரு படிப்பாகப் படிக்கக் கடல் தாண்டிப் போயிருக்கிற உனக்கு இதுகூடவா தெரியாமல் போயிற்று என்ற கோபத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. உன் தங்கை செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். சமூகத்தை ஆராய்கிறவர்களுக்குப் பேட்டி என்கிற வழி எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று எழுதியிருக்கிறாய். முன்பாதியில் அதன் பலம், பின்பாதியில் பலவீனம். பலத்துக்கு ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறாய். செம்பவாங்கில் கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, பல வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாத மாணவியிடம் சொன்னாளாம். "என் மூத்த மகள் சாகக் கிடந்தபோது என் வீட்டுக்காரர் வரவில்லை" என்று சொன்னாளாம். வேறு எந்த வழியிலும் இப்படிப்பட்ட உண்மை வெளியே வந்திருக்காது என்று நீ மெச்சிக்கொண்டிருக்கிறாய். செல்வி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அம்மா, இது நீங்கதானே?" என்றாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நீ உன் அப்பாவோடு பேச்சை நிறுத்தினாய். வீட்டை விட்டு மாணவர் விடுதிக்குப் போனாய். அங்கிருந்து நேரே வெளிநாட்டுக்கு விமானம் ஏறினாய். இன்றுவரை உன் கடிதங்கள் என் பெயருக்கு வருகின்றன, செல்வியின் பெயருக்கு வருகின்றன. அவரைப் பற்றி ஒரு விசாரிப்பு இல்லை. இப்போது அதே வரியை அச்சிலும் போட்டுவிட்டாய். நீ நாலு பேர் படிக்கப் போட்டாய் அல்லவா, நானும் நாலு பேர் படிக்கவே இதை எழுதுகிறேன். உன் ஆசிரியரிடம் காட்டு, உன்னோடு படிக்கிறவர்களிடமும் காட்டு. வெளியார் கண்ணில் படும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி இருவரும் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அந்தப் பேட்டி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நீ அங்கே இல்லை. இருந்தது நான். ஒரு காலையில் நீ புறப்படும்போது, "அம்மா, யுனிவர்சிட்டிலேர்ந்து ஒரு பொண்ணு வரும். கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. பேரெல்லாம் எழுத மாட்டாங்க. நான் உங்க மகன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்பத்தான் பேட்டி சரியா வரும்" என்றாய். யாரும் தன் வீட்டாரைத் தானே பேட்டி எடுக்கக் கூடாது என்பது உங்கள் வகுப்பு விதியாம். கேட்க வருகிற பெண்ணுக்கு நான் உன் அம்மா என்று தெரியக் கூடாது. நீ வீட்டில் இருக்கக் கூடாது. ஆக, உண்மையைத் தேடி வருகிறவளுக்கு முதல் பொய்யை நாம்தான் எடுத்து வைத்தோம். மகன் சொல்கிறான், படித்தவன் சொல்கிறான் என்று நானும் தலையாட்டினேன்.

அந்தப் பெண் கிரேஸ் நல்லவள். இதை நான் மறைக்க மாட்டேன். வெயிலில் வந்தவள், கோப்பி வேண்டாம் தண்ணீர் போதும் என்று வாங்கிக் குடித்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், பாயில் எனக்குச் சமமாக உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் குடிமதிப்புக் கணக்கெடுக்க வந்தவர் ஒருவர் இருந்தார், உனக்கு நினைவிருக்காது. வாசலில் நின்றபடியே, "எத்தனை பிள்ளைங்க?" என்றார். "ரெண்டு" என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கேட்டதற்கு அதுதான் சரியான பதில். ஆனால் அந்த மனிதர் போன பிறகு நான் வெகுநேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அக்கா அமுதா எந்தக் கணக்கிலும் வராமல் போனாளே என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கிரேஸ் அப்படிக் கேட்கவில்லை. "மொத்தம் எத்தனை தடவம்மா பிள்ளை பெத்தீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். "மூணு" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. உன் கட்டுரையில் பேட்டியின் பலம் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். யாராவது கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், செத்துப்போன பிள்ளைக்கும் அந்த வீட்டில் ஓர் இடம் கிடைக்கும்.

ஆனால் அதற்கும் முன்பே பேட்டி கெட்டுப் போயிருந்தது. அது கிரேஸுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தாளில் முதல் கேள்வியே, "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்பதுதான். நான் சொல்வேனா? சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அந்தப் பெண்ணுக்கும் புரிந்தது, அவளும் சிரித்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. இங்கே இருமினால் அங்கே கேட்கும். "மரியக்கா, செத்த வாங்களேன்" என்று குரல் கொடுத்தேன்.

மரியக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். உன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்ததும், "அட, நம்ம சர்ச்சுப் பிள்ளை லா!" என்று சந்தோஷப்பட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெற்றிலையை மடித்தாள். நான் சொல்லத் தயங்கிய இடத்திலெல்லாம், "சொல்லும்மா, நம்ம பிள்ளைதானே" என்று எடுத்துக் கொடுத்தாள். கிரேஸ் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? நான் கூப்பிட்டு வந்தவள். உன் கட்டுரையில் இதையும் எழுதியிருக்கிறாய் என்று செல்வி சொன்னாள். இப்படிப்பட்ட பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை, அதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள் என்று, ஏதோ வேடிக்கை பார்த்தவன் மாதிரி இரண்டு வரி. கூப்பிட்டு வந்தவள் பிறகு எங்கே போனாள் என்று உனக்கு ஒரு கேள்வி எழவில்லையே. அவள் எங்கேயும் போகவில்லை, பேட்டி முடியும்வரை என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிரேஸ் கேட்டாள்: "இத்தனை வருஷ வாழ்க்கையில உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது எதும்மா?" முதலில், "கொறை ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்குள் என்னவோ உடைந்தது. "எம்மவ அமுதா சாகக் கெடந்தப்ப அவங்க வரல" என்றேன். மரியக்கா, "ஐயோ, அதைச் சொல்லாதம்மா" என்று அழ ஆரம்பித்தாள். "இவ கையில பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கெல்லாம் ஓடுனா தெரியுமா? அந்த மனுஷன் எந்தக் கடையில ஒக்காந்திருந்தாரோ" என்று கிரேஸிடம் அவளே மீதியையும் சொன்னாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். கிரேஸ் பேனாவைத் திறந்து எழுதினாள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, டவுனுக்குப் போகிற பஸ் வந்துவிடும் என்று எழுந்தாள். அவ்வளவுதான் பேட்டி.

நான் விழுங்கியது என்ன என்று இப்போது சொல்கிறேன். நன்றாக உட்கார்ந்து படி.

ஐம்பதுகளின் தொடக்கம். நீ தத்தித் தத்திப் பேசுகிற வயது. செல்வி பிறக்கவில்லை. அமுதாவுக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல். மத்தியானம் உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு உன் அப்பாவுக்குக் காலை வேலை மட்டும்தான், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. உன்னை மரியக்காவிடம் விட்டேன். அவள் மூன்றாவது பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்த பச்சை உடம்புக்காரி. அமுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறை வாசலுக்கு ஓடினேன். எனக்கு அப்போது டவுனுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. மலாய் அரைகுறை. ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன சொல்வதென்று தெரியாது. அவர் வந்தால் போதும், எப்படியாவது கொண்டு சேர்த்துவிடுவார் என்றிருந்தேன்.

வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா, பெயரைச் சொல் என்றான். என்னோடு யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மரியக்கா இல்லை. பிள்ளையின் வாயில் நுரை. சொன்னேன், மகனே. உன் அப்பாவின் பெயரை, ஊர் கேட்க, உரக்கச் சொன்னேன். கலியாணம் ஆன பிறகு முதல் தடவை அப்போதுதான் சொன்னேன். பட்டறைக்குள் போகிறவர்கள் தங்கள் எண் பதித்த பித்தளை வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள், வெளியே வரும்போது அதை மாட்டிவிட்டு வருவார்கள். ஜாகா பலகையைப் பார்த்தான். அவருடைய வில்லை அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொன்னான். அவன்மேல் குற்றமில்லை. பலகை அப்படித்தான் சொன்னது.

நான் நம்பவில்லை. வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று அங்கேயே நின்றேன். பிறகு வீட்டுக்கு ஓடினேன். கோப்பிக் கடைக்கு ஓடினேன். சொல்ல வாய் கூசுகிறது, கள்ளுக்கடை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சீனக்காரர் பரிதாபப்பட்டுத் தன் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டார். டவுன் போய்ச் சேருமுன்னே என் தோளில் இருந்த சூடு குறைய ஆரம்பித்தது. காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காது.

உன் அப்பா பொழுது சாயும்போது வந்தார். கையெல்லாம் எண்ணெய்க் கறை. வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றவர் நின்றபடியே இருந்தார். எங்கே போனீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, கிணற்றடியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் மரியக்காவின் புருஷன் சூசை வேலைக்கு வந்தபோது நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தான். இன்னொரு தடவை வேலைக்கு வராவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேலை போனால் பட்டறை கொடுத்த குவார்ட்டர்ஸ் வீடும் போகும். பச்சைப் பிள்ளையோடு மரியக்கா தெருவில் நிற்க வேண்டும். உன் அப்பா தன் வில்லையை மாட்டிவிட்டு, சூசையின் வில்லையை எடுத்துக்கொண்டு, அவன் பெயரில் உள்ளே போய் அவன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியபோது சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். ஆனால் அந்தப் பெயரில் அன்றைக்கு அங்கே ஆள் இல்லை.

"மரியாவுக்குத் தெரியக் கூடாது" என்றார். "தன் வீட்டாலதான் நம்ம பிள்ள போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. பச்ச உடம்பு. பால்கூட வத்திரும்." சரி என்று சொன்னேன். சொல்லாமல் என்ன செய்ய? அமுதாவைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தவள் மரியக்கா. நான் சுருண்டு கிடந்தபோது உனக்குச் சோறு ஊட்டியவள் அவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வேன்? அதற்காக, எனக்கு உன் அப்பாமேல் கோபமே இல்லை, அவர் தெய்வம் என்று எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம் உண்டு. அடுத்த வீட்டு அடுப்பு அணையாமல் பார்க்கப் போய் என் வீட்டில் இருட்டைக் கொண்டுவந்தார் என்ற கோபம் இன்னும் இருக்கிறது. அவர் வரவில்லை என்று கிரேஸிடம் சொன்னபோது அந்தக் கோபம்தான் சொன்னது. அது பொய்யில்லை. ஆனால் அதன் மறுபாதியும் என்னிடம் இருந்தது. மறுபாதிக்குச் சொந்தக்காரி பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக அழுதுகொண்டிருந்தாள். அவள் காதில் விழக் கூடாத பதிலை எந்தப் பேட்டியில் நான் சொல்வது?

இதையும் கேள். அன்றிலிருந்து மரியக்கா உன் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. பிள்ளை செத்துக்கொண்டிருந்தபோது எங்கோ உட்கார்ந்திருந்தவர் என்ற முடிவு அவளுக்கு. அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போவாள். கிறிஸ்துமஸ் பலகாரத்தை என் கையில் கொடுப்பாள், "பிள்ளைங்களுக்கு" என்று அழுத்திச் சொல்லிக் கொடுப்பாள். அவள் குடியிருந்த வீடே அவரால் நின்றது. அந்த வீட்டுக்குள்ளிருந்துகொண்டு அவரைக் கரித்தாள். சூசைக்கு எல்லாம் தெரியும். அவனும் பெண்டாட்டியிடம் வாய் திறக்கவில்லை. வெட்கத்தைத் தின்று தின்றே போய்ச் சேர்ந்தான். போன மாதம் மரியக்காவும் போய்விட்டாள். சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் உன் அப்பாவும் ஒருவர். உன் கட்டுரையில் இந்த வரிக்கு இடமிருக்காது.

இப்போது உன்னிடம் வருகிறேன். கிரேஸ் எழுதியதை நீங்கள் எல்லோரும் வகுப்பில் மாற்றி மாற்றிப் படித்தீர்களாம். நீ வீட்டு எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். தட்டச்சுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாய். "அம்மா, ஒரே கேள்வி. அமுதாக்கா சாகறப்ப அப்பா வந்தாரா, வரலையா?" என்றாய். நான், "மெதுவாப் பேசுப்பா" என்றேன். அடுத்த வீட்டில் மரியக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "வந்தாரா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாய். "வரலப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? நீ எனக்கு இரண்டு பதில்தான் வைத்திருந்தாய். ஆமாம் இல்லை என்ற இரண்டு வார்த்தைக்குள் மனிதர்களைப் போட்டு அடைக்கிற கேள்வி மோசமான கேள்வி என்று இந்தக் கட்டுரையின் பின்பாதியில் நீயே எழுதியிருக்கிறாயாமே. செல்வி அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

உன் அப்பா ரேடியோ முன்னால் உட்கார்ந்து அதன் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு கேள்வி கிடையாது. "நீங்கெல்லாம் ஒரு அப்பாவா?" என்றாய். அது கேள்வி மாதிரி இருக்கும், கேள்வியில்லை. அவர் திருகாணியைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. மறுபடியும் திருகாணியை எடுத்துக்கொண்டார். ஊரிலுள்ள வீடெல்லாம் ஏறி இறங்கி முன்பின் தெரியாதவர்களிடம் பணிவாகப் பேசிப் பதில் வாங்கத் தெரிந்த உனக்கு, பெற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்க வரவில்லை.

அதற்குப் பிறகு கிரேஸை ஒரு தரம் தேக்கா சந்தையில் பார்த்தேன். நான் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன், ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அம்மா, உங்க பேட்டிதான் எல்லாத்துலயும் பெஸ்ட்னு சார் சொன்னாரு. எங்க கிளாஸ்ல ஒருத்தரு அதை வச்சு எழுதவே போறாரு" என்றாள். அந்த ஒருத்தர் யாரென்று நான் சொல்லவில்லை. "அவங்க ஏன் வரலன்னு நீ கேக்கவே இல்லியேம்மா" என்று மட்டும் சொன்னேன். பெண் முகம் மாறிப் போயிற்று. "கேக்கணும்னு நெனச்சேம்மா. நீங்க அழுதுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. பஸ்ஸும் வந்துருச்சு" என்றாள். குறைந்தது அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது என்பதாவது தெரிந்திருந்தது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

பெயர் போடவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நீ நினைத்தாய். செம்பவாங், கப்பல் பட்டறை, ஜன்னியில் செத்த மூத்த பெண், பக்கத்து வீட்டில் கத்தோலிக்கப் பெண் என்று அத்தனை அடையாளமும் இருக்கும்போது பெயர் எதற்கு? உன் வகுப்பில் படித்த அடுத்த பிளாக் பையன் ஒருவன் தன் அப்பாவிடம் சொல்ல, அவர் கோப்பிக் கடையில் சொல்ல, விஷயம் உன் அப்பாவின் மேசைக்கே வந்து சேர்ந்தது. "பையன் இப்படி எழுதியிருக்கானாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். "படிச்சவன் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்து முடித்து வந்திருக்கிறார். வீட்டில் இதைச் சொல்லும்போதும் அவர் குரல் ஏறவில்லை.

நீ புறப்பட்ட அன்றைக்கு அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பினார், தெரியுமா? விமான நிலையத்துக்குப் போக பஸ் நிறுத்தம்வரை வந்தார். பஸ் வந்ததும், "நீங்க போய்ட்டு வாங்க. என்னப் பாத்தா அவன் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவான். தூரதேசம் போறப்ப அப்படிப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நீ எங்களிடம், "அவர் வரலைல்ல?" என்று கேட்டாய். அப்போதும் அதே கேள்வி.

வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போகப் போகிறான், பட்டறையில் ஆட்குறைப்பு என்று பேச்சு. உன் அப்பாவுக்கும் வேலை நிற்கப் போகிறது. இருமல் விடுவதில்லை. சிராங்கூன் ரோட்டு வைத்தியர் கொடுத்த லேகியத்தில்தான் காலம் ஓடுகிறது. நலமா என்று கேட்டால் நலம் என்பார், நம்பாதே. உன் படிப்பு முடிந்து நீ வருகிறவரை அவர் இருப்பார் என்று நான் உனக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகையால் அடுத்த கடிதத்தை என் பெயருக்குப் போடாதே. அவருக்கு எழுது. தமிழில் எழுது, பெரிய பெரிய எழுத்தாக எழுது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஒரு பகல் பிடிக்கும், பிடிக்கட்டும். மன்னிப்பு, கண்ணீர் எதுவும் வேண்டாம், அதெல்லாம் அவருக்குக் கூச்சமாக இருக்கும். "அன்னிக்கு எங்கேப்பா இருந்தீங்க?" என்று கேள். பதில் இப்போது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேள். கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் என்னைக் கேட்டாள். அவரை இந்த வயது வரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை. நானும்கூடக் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அவர் அதைப் படிக்கிறபோது செல்வியைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். நானும் மரியக்காவின் பூட்டின வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

உறையின் மேல் அவர் பெயரை முழுதாக எழுது. நான் சொல்லாத பெயர், பட்டறை வாசலில் ஒரு தடவை சொல்லிப் பயனில்லாமல் போன பெயர். தபால்காரர் வாசலில் நின்று அதை உரக்கக் கூப்பிடட்டும். இந்த முறை அந்தப் பெயருக்கு உள்ளே ஆள் இருப்பார்.

அம்மா